கைநாட்டு வைத்தவர்கள்: புகழைத் துரத்தும் திகில் படங்கள் போடும் கணக்கு

2024-இல் திரையரங்குக்கு வந்த நான்கு ஆங்கிலத் திகில் படங்களை எடுத்துக்கொள்வோம். ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்தின் நாயகி, வயதாகிவிட்டது என்று வேலையை விட்டு அனுப்பப்பட்ட டிவி நட்சத்திரம். ‘மேக்சீன்’ நாயகி ஹாலிவுட்டுக்குள் எப்படியாவது நுழையத் துடிப்பவள். ‘ஸ்மைல் 2’ ஒரு பாப் பாடகியின் கதை. ‘லேட் நைட் வித் தி டெவில்’ படத்தில் வருபவர், ரேட்டிங்கில் முதலிடத்தை எட்டவே முடியாத ஒரு டிவி தொகுப்பாளர். நான்கிலும் பாழடைந்த பங்களா இல்லை, சுடுகாடு இல்லை. மேக்கப் அறை, ஆடிஷன் ஹால், மேடை, ஸ்டூடியோ. பேய் வந்து நிற்பது இங்கெல்லாம்தான்.

இவற்றில் ‘தி சப்ஸ்டன்ஸ்’ ஓடிடி-யில் பார்த்த பலருக்கும் ஒரு குழப்பம். இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த படம் கடைசியில் ஏன் ரத்தக் குளியலாக முடிகிறது? ஒரு பெண்ணின் மனவேதனையைச் சொல்ல இத்தனை லிட்டர் ரத்தம் எதற்கு? இதற்குப் பதில் அந்த ஒரு படத்துக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு கதை மரபு இருக்கிறது, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். படங்களின் முடிவுகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால், இனிமேல்தான் பார்க்கப்போகிறோம் என்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

## எந்த மாதிரிப் படங்கள் இவை?

புகழ் தேடிப் போய்ச் சீரழிந்தவர் கதை எல்லா ஊரிலும் உண்டு. குடி, கடன், தனிமை, சுவரில் தொங்கும் பழைய போட்டோ என்று முடியும் அவை சோகப் படங்கள். சோகப் படத்தில் வீழ்ச்சி விதியால் வரும், இல்லையென்றால் பலவீனத்தால் வரும். திகில் படத்தில் வீழ்ச்சி என்பது முன்கூட்டியே பேசி முடித்த விலை. வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், வாங்குகிறவர்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த வகைப் படம் எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இந்த நான்கு படிகள் இருக்கும்:

1. ஆசை. நாயகிக்கோ நாயகனுக்கோ திறமை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தன்னை உலகம் பார்த்தே ஆக வேண்டும் என்ற வெறி மட்டும் கட்டாயம் இருக்கும்.

2. வாய்ப்பு. முன்வாசல் எல்லாம் சாத்தப்பட்ட பிறகு பக்கத்தில் ஒரு கதவு திறக்கும்.

3. நிபந்தனை. பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

4. வசூல்.

நான்காவது படியில்தான் விஷயம் இருக்கிறது. வசூலுக்கு யார் வருகிறார் என்று பார்த்தாலே அது எந்தக் காலத்துப் படம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 1968-இல் சாத்தானைக் கும்பிடும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். 1974-இல் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி. 2014-இல் படத் தயாரிப்பு நிறுவனம். 2018-இல் ஓர் இணையக் கணக்கு. 2024-க்கு வந்தால் வாசலில் ஆளையே காணோம். கடன் வாங்கியவளே தன்னிடம் வசூல் செய்துகொள்கிறாள்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்வோம்: பாடி ஹாரர். அதாவது உடல் திகில். பேயோ கொலைகாரனோ வெளியிலிருந்து துரத்துவதை விட்டுவிட்டு, சொந்த உடம்பே அழுகுவது, பிளப்பது, வேறொன்றாக மாறுவது என்று பயமுறுத்தும் படங்களுக்கு இந்தப் பெயர். உடம்பையே முதலாகப் போட்டுச் செய்யும் தொழில் நடிப்பும் மாடலிங்கும் நடனமும். அதனால் புகழ் பற்றிய திகில், உடல் திகிலாக மாறுவதில் ஆச்சரியம் இல்லை.

## பழைய பத்திரம்

ஃபாஸ்ட் கதைதான் இதற்கு மூலம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1587-இல் அச்சான ஒரு மலிவுப் புத்தகத்தில், அறிவுக்கும் சுகத்துக்கும் ஆசைப்பட்ட ஃபாஸ்ட் என்ற அறிஞர் சாத்தானோடு ரத்தத்தில் ஒப்பந்தம் எழுதுகிறார். தவணை 24 வருடம். தவணை முடிந்த இரவில் சாத்தான் சரியாக வந்துவிடுகிறான். சாத்தான் ஏமாற்றவில்லை, சொன்னதை எல்லாம் கொடுத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளில் பேச்சு மாறுவது எப்போதும் மனிதன்தான்.

சினிமா பிறந்து இருபது வருடம் ஆவதற்குள் இந்தக் கதை திரைக்கு வந்துவிட்டது. 1913-இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் ‘தி ஸ்டூடன்ட் ஆஃப் பிராக்’. காசில்லாத ஒரு மாணவனிடம் கிழவன் ஒருவன் பொற்காசுகளைக் கொட்டி, “இந்த அறையில் நான் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறான். அறையில் ஒன்றும் இல்லையே என்று மாணவன் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். கிழவன் எடுத்துப்போவது கண்ணாடியில் தெரியும் அவன் பிம்பத்தை. அப்புறம் அந்தப் பிம்பம் ஊருக்குள் நடமாடி அவன் வாழ்க்கையைக் கெடுக்கிறது. சினிமா என்பதே ஆளிடமிருந்து பிம்பத்தைப் பிரித்தெடுத்து விற்கும் வியாபாரம்தானே! அந்த வியாபாரம் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அதைப் பற்றிய பயத்தையும் ஒருவர் படமாக எடுத்திருக்கிறார்.

ரோமன் போலன்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) பெரும்பாலும் கர்ப்பிணிப் பெண்ணின் பயத்தைச் சொல்லும் படமாகத்தான் பேசப்படுகிறது. ஆனால் கதையின் அச்சாணி அவள் கணவன். விளம்பரப் படங்களில் தலைகாட்டிக்கொண்டிருக்கும் சில்லறை நடிகன் அவன். அவனுக்குக் கிடைக்க வேண்டிய வேடத்தைத் தட்டிப் பறித்த இன்னொரு நடிகனுக்குத் திடீரென்று கண் தெரியாமல் போகிறது, வேடம் இவன் கைக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக் கும்பலுக்கு அவன் பதிலுக்குக் கொடுத்தது மனைவியின் வயிற்றை. புகழ் அவனுக்கு, விலை அவளுக்கு. அடகு வைத்தது யார் நகை என்ற கேள்வியை எழுப்பிய படம் இது. பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

ஆறு வருடம் கழித்து பிரையன் டி பால்மா எடுத்த ‘ஃபேன்டம் ஆஃப் தி பாரடைஸ்’ படத்தில் சாத்தான் அலுவலகம் போட்டுவிட்டான். ஓர் இசையமைப்பாளனின் பாட்டைத் திருடும் இசைத்தட்டு முதலாளி, அவனிடமே ரத்தத்தில் கையெழுத்து வாங்குகிறான். நூற்றுக்கணக்கான ஷரத்துகள் கொண்ட தடித்த ஒப்பந்தம். அந்த முதலாளியே இளமைக்காகச் சாத்தானிடம் கைநாட்டு வைத்தவன் என்று பிறகு தெரிகிறது. கடன்காரனுக்கு மேலே இன்னொரு கடன்காரன்.

## நிஜத்தில் எழுதிய பத்திரங்கள்

இதெல்லாம் கற்பனை என்று தள்ள முடியாது. ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1930களிலும் 40களிலும் நடிகர்கள் ஏழு வருட ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருந்தார்கள். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் இல்லாமல் இடைநீக்கம். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. இடைநீக்கத்தில் இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள், ஏழு வருடம் இழுத்துக்கொண்டே போகும். இதை எதிர்த்து ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். ஏழு வருடம் என்றால் காலண்டரில் ஏழு வருடம்தான் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944-இல் தீர்ப்புச் சொன்னது. இன்றும் அந்தச் சட்டத்தை அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

உடம்புக்கும் ஒப்பந்தம் இருந்தது. மார்கரிட்டா கன்சினோ என்ற ஸ்பானிய வம்சாவளிப் பெண்ணின் நெற்றி சிறியதாக இருக்கிறது என்று, மின்சாரத்தால் முடியை வேரோடு எடுக்கும் சிகிச்சை செய்து முன்முடிக் கோட்டை மேலே ஏற்றினார்கள். முடிக்குச் சாயம், பெயருக்கு மாற்றம். அப்படி வந்தவர்தான் ரீட்டா ஹேவொர்த். மெலியவும் விழித்திருக்கவும் ஒரு மாத்திரை, தூங்க இன்னொரு மாத்திரை என்று ஸ்டூடியோவில் வளர்ந்ததை ஜூடி கார்லண்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடல் திகில் படத்துக்கு இதற்கு மேல் திரைக்கதை வேண்டுமா?

கொரியாவிலும் இதே கதை. டி.வி.எக்ஸ்.க்யூ. பாட்டுக்குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் 2009-இல் தங்கள் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டு, ஏழு வருடத்தை உச்ச வரம்பாக வைத்தது. கலிஃபோர்னியாவின் அதே ஏழு. இரண்டு வருடம் கழித்து, சபிக்கப்பட்ட பாட்டு ஒன்றைப் பாடிப் புகழடையும் பெண்கள் குழுவைப் பற்றிய ‘வைட்’ என்ற கொரியத் திகில் படம் வந்தது. அதன் நாயகியாக நடித்தவரே நிஜத்தில் ஒரு பாப் குழுவின் பாடகி.

## ஐம்பது வயதில் ஒரு பேய்

பில்லி வைல்டரின் ‘சன்செட் பூலவார்ட்’ (1950) கணக்கில் திகில் படம் இல்லை. ஆனால் ஒரு பிணம் கதை சொல்கிறது, இருட்டு மாளிகையில் ஒரு பெண் தன் பழைய படங்களைத் தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நள்ளிரவில் செத்த குரங்குக்கு ஈமச்சடங்கு நடக்கிறது. பேய்ப்படத்தில் பேயை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். மௌனப்பட நட்சத்திரம் நார்மா டெஸ்மாண்டாக நடித்த குளோரியா ஸ்வான்சன், மௌனப்பட காலத்தின் பெரிய நட்சத்திரமாக இருந்து மார்க்கெட் போனவர். அவளுடைய வேலைக்காரனாக நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைம், ஒரு காலத்தில் நிஜமாகவே ஸ்வான்சனை இயக்கியவர். நார்மாவுக்கு இன்னும் ரசிகர் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுவது அந்த வேலைக்காரன். என் கணக்கில் படத்தின் பயங்கரமான தகவல் கொலை இல்லை, இந்தக் கடிதங்கள்தான்.

கதைப்படி நார்மாவுக்கு வயது 50. ‘தி சப்ஸ்டன்ஸ்’ எலிசபெத்தை வேலையிலிருந்து அனுப்புவது அவளுடைய 50-வது பிறந்தநாளில். இடையில் 74 வருடம் ஓடிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் 1962-இல் ‘வாட் எவர் ஹாப்பன்ட் டு பேபி ஜேன்?’ வந்தது. சிறு வயதில் மேடை நட்சத்திரமாக இருந்தவள், கிழவியான பிறகும் சின்னப் பிள்ளையின் கவுனும் ரிப்பனும் மாட்டிக்கொண்டு பழைய பாட்டைப் பாடுகிறாள். சக்கர நாற்காலியில் இருக்கும் சொந்த அக்காவைச் சித்திரவதை செய்கிறாள். நடித்தவர்கள் பெட்டி டேவிஸும் ஜோன் கிராஃபோர்டும். ஒரு காலத்தில் ஹாலிவுட்டை ஆண்டவர்கள் இருவரும். அந்த ஆண்டு செப்டம்பரில் டேவிஸ் சினிமாத் தொழில் பத்திரிகை ஒன்றில் வேலை வேண்டும் என்று விளம்பரமே கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், முப்பது வருட நடிப்பு அனுபவம், ஹாலிவுட்டில் நிரந்தர வேலை தேவை என்கிற பாணியில். பாதி கிண்டல், பாதி நிஜம். இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகைக்கு அந்த நிலைமை.

படம் ஓடியது. உடனே வயதான நடிகைகளைப் பைத்தியங்களாகவும் கொலைகாரிகளாகவும் காட்டும் படங்கள் வரிசையாக வந்தன. புகழ் பறிபோன பெண்ணைப் பற்றிய திகில் படம், புகழ் பறிபோன நடிகைகளுக்கு வேலை கொடுத்தது. ஒரே நிபந்தனை, அசிங்கமாகத் தெரியச் சம்மதிக்க வேண்டும். ‘மேக்சீன்’ படம், இந்தத் தொழிலில் அரக்கி என்று பெயர் எடுக்காதவரை நீ நட்சத்திரமே இல்லை என்ற பொருளில் டேவிஸ் சொன்ன வாசகத்தோடுதான் தொடங்குகிறது.

## ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிற சொல்

‘ஸ்டாரி ஐஸ்’ (2014) குறைந்த செலவில் எடுத்த சின்னப் படம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டே சான்ஸ் தேடும் சாரா ஓர் ஆடிஷனில் தோற்கிறாள். கழிவறைக்குள் போய்த் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறாள். வெளியே வந்தால் தேர்வாளர் நிற்கிறார். நடிப்பு வேண்டாம், உள்ளே செய்தாயே, அதை இங்கே செய்து காட்டு என்கிறார். அவளுடைய வலிதான் அவர்களுக்குச் சரக்கு. அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் பின் வயதான தயாரிப்பாளரின் அறை. முதல் தடவை எழுந்து ஓடிவிடுகிறாள். வேலையும் நண்பர்களும் கசந்தபின், தானே திரும்பிப் போகிறாள்.

பிறகு முடி கொட்டுகிறது, நகம் பிய்கிறது, வாயிலிருந்து புழு வருகிறது. சான்ஸுக்கு விலையாக உடம்பைக் கேட்கும், தமிழ் சினிமா வட்டாரத்தில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று கூசாமல் சொல்லப்படும் விஷயத்தை அப்படியே எடுத்து, அதன் விளைவை உடம்பின் மேல் எழுதிக் காட்டுகிறது படம். அந்தச் சொல் இங்கே மட்டும் புழங்குவதில்லை. மலையாளத் திரையுலகம் பற்றி நீதிபதி ஹேமா குழு கொடுத்து 2024 ஆகஸ்டில் வெளியான அறிக்கையிலும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற இரண்டும் நடிகைகளுக்கு முதலில் அறிமுகமாகும் சொற்களாக வருகின்றன. நடிகைகளைப் பாலியல் தொல்லை செய்ததாக ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பற்றிய செய்திகள் வந்து மீ டூ இயக்கம் வெடித்தது 2017 அக்டோபரில். ‘ஸ்டாரி ஐஸ்’ அதற்கு மூன்று வருடம் முந்தியது. செய்தியாளர்களுக்கு ஆதாரம் வேண்டும், திகில் படத்துக்கு வேண்டாம். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை அது முதலில் பேசிவிடுகிறது.

## என்னைப் போலவே இன்னொருத்தி

1997-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’. இயக்கியவர் சதோஷி கோன். இந்த வரிசையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மிமா ஒரு பாட்டுக்குழுவில் ‘ஐடல்’. ஜப்பானில் இந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. பாட்டைவிட, களங்கமில்லாத பெண் என்ற பிம்பம்தான் அங்கே விற்பனைக்கு. காதலிக்கக்கூடாது என்பது பல குழுக்களில் நடைமுறை. ஏ.கே.பி.48 குழுவின் மினாமி மினேகிஷி 2013-இல் ஓர் ஆணுடன் இரவு தங்கியது செய்தியானபோது, தலையை மொட்டையடித்துக்கொண்டு வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார்.

மிமா குழுவை விட்டுவிட்டு நடிகையாகிறாள். பழைய பிம்பத்தை உடைக்க ஒரு பலாத்காரக் காட்சியில் நடிக்க வைக்கிறார்கள். அதே நேரம் ‘மிமாவின் அறை’ என்று ஒரு இணையப் பக்கம். அவள் எழுதுவதுபோல யாரோ நாட்குறிப்பு எழுதுகிறார்கள். ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள் என்பதுவரை சரியாக இருக்கிறது. கொஞ்ச நாளில் பழைய மிமா, பாவாடையும் ரிப்பனுமாகக் கண்ணாடியில் வந்து நின்று, நான்தான் நிஜம், நீ போலி என்கிறாள். இணையத்தில் கணக்கு வைப்பது சாதாரண விஷயமாகாத காலத்தில் எடுத்த படம் இது.

இருபத்தொரு வருடம் கழித்து வந்த ‘கேம்’ (கேமராவைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள்) அந்தப் பயத்தை முடித்துவைக்கிறது. வெப்கேமில் ஆபாச நிகழ்ச்சி நடத்தும் ஆலிஸ் ஒரு நாள் தன் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறாள். அவள் முகத்தோடு, அவள் குரலோடு யாரோ நேரலையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் பயன் இல்லை, போலீசுக்குப் புரியவே இல்லை. எழுதிய ஈசா மஸ்ஸே அந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் படம் அந்தப் பெண்ணைப் பழிப்பதில்லை. போராடிக் கணக்கை மீட்டு அழிக்கும் ஆலிஸ் அடுத்து என்ன செய்கிறாள்? புதுப் பெயர், புது விக், புதுக் கணக்கு. மறுபடி முதலிலிருந்து.

1913-இல் கிழவன் கண்ணாடியிலிருந்து பிம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். 2018-இல் பிம்பத்துக்குக் கிழவனே தேவைப்படவில்லை, அது பாட்டுக்குத் தானே கிளம்பிவிட்டது.

## ‘தி சப்ஸ்டன்ஸ்’ விதிகளும் அந்த ரத்தமும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பிரெஞ்சு இயக்குநர் கொராலி ஃபார்ஜா எடுத்து, 2024 கான் விழாவில் திரைக்கதை விருது பெற்ற படம். உடற்பயிற்சி நிகழ்ச்சி நடத்தும் எலிசபெத்தை (டெமி மூர்) வேலையிலிருந்து தூக்குகிறார் டிவி நிர்வாகி. அவர் பெயர் ஹார்வி, தற்செயலாக வைத்த பெயராகத் தெரியவில்லை. ஒரு ரகசிய மருந்து பற்றி அவளுக்குத் தெரிய வருகிறது. ஊசி போட்டுக்கொண்டதும் அவள் முதுகு பிளந்து இளமையான இன்னொரு உடம்பு வெளியே வருகிறது. அதுதான் சூ (மார்கரெட் குவாலி). விதிகள் கொஞ்சம்தான்:

1. முதல் ஊசி ஒரே ஒரு தடவை.
2. புது உடம்பு நிலைக்க, பழைய உடம்பின் முதுகுத்தண்டிலிருந்து தினமும் திரவம் எடுத்துச் செலுத்த வேண்டும்.
3. ஏழு நாளுக்கு ஒருமுறை உடம்பு மாற வேண்டும். விதிவிலக்கு கிடையாது.
4. இருவர் இல்லை, நீ ஒருத்திதான் என்பதை மறக்கக்கூடாது.

பழைய ஒப்பந்தங்களோடு இதை ஒப்பிட்டால் இரண்டு மாற்றம் தெரியும். சாத்தான் இல்லை. போனில் ஒரு ஆண் குரல், சந்தில் ஒரு லாக்கர், அட்டைப்பெட்டி. ஆன்லைனில் பொருள் வாங்குவது மாதிரியே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். அவளால்தான் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது மாற்றம் வட்டியில். ஏழு நாளைத் தாண்டி சூ திருடும் ஒவ்வொரு நாளும் எலிசபெத்தின் உடம்பில் கழிகிறது. முதலில் ஒரு விரல் கிழடாகிறது, பிறகு கால், பிறகு முழு உடம்பு. இளையவள் செலவழிக்கிறாள், மூத்தவள் கட்டுகிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். நான்காவது விதி மறந்துபோகிறது.

படத்தின் பயங்கரமான காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பழைய வகுப்புத் தோழன் ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். எலிசபெத் சிவப்பு உடையில் கிளம்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே விளம்பரப் பலகையில் சூவின் முகம் தெரிகிறது. திரும்பிப் போய் மேக்கப்பைச் சரிசெய்கிறாள், கழுத்தை மறைக்கிறாள், மறுபடி கிளம்புகிறாள், மறுபடி திரும்புகிறாள். கடைசியில் கண்ணாடி முன் நின்று முகத்தைப் பிய்த்துவிடுவதுபோல அழித்துத் தேய்க்கிறாள். அவன் காத்துக்கொண்டே இருக்கிறான். இவள் போகவில்லை.

கடைசிப் பகுதி இந்தக் காட்சியின் தொடர்ச்சிதான். முதல் விதியையும் மீறியதால் உருவான, சதைப் பிண்டமாகிவிட்ட அந்த ஜீவன் புத்தாண்டு நிகழ்ச்சிக்குக் கிளம்புகிறது. முடியைச் சுருட்டிக்கொள்கிறது, கம்மல் போட்டுக்கொள்கிறது, போஸ்டரிலிருந்து எலிசபெத்தின் முகத்தை வெட்டித் தன் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு வெளியே போக முடியாதவள் இன்றைக்குப் போகிறாள். மேடையில் முகமூடி விழுந்ததும் கூட்டம் அரக்கி என்று அலறுகிறது. பிறகுதான் ரத்தம், அத்தனையும் பார்வையாளர்கள் மேல். இவ்வளவு நாளும் பளபளப்பான உடம்பை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுக்கு அதன் உள்ளே இருப்பதும் சேர்த்து அனுப்பப்படுகிறது. நயமாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், நயமாகச் சொல்லும் படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

படத்தின் தொடக்கப் பகுதியும் கடைசிக் காட்சியும் ஒரே இடம், ஹாலிவுட் நடைபாதையில் எலிசபெத் பெயர் பதித்த நட்சத்திரம். தொடக்கத்தில் ஒருவன் அதன் மேல் சாப்பாட்டைக் கொட்டி, சிவப்பு சாஸை வழித்து விடுகிறான். முடிவில் மிச்சமிருக்கும் முகம் ஊர்ந்து வந்து அதே கல்லில் உருகிப்போகிறது. காலையில் தரை துடைக்கும் வண்டி வந்து கறையை எடுக்கிறது.

## பில் யார் பெயரில் வருகிறது?

‘ரோஸ்மேரிஸ் பேபி’ விட்டுப்போன கேள்வி இது. ‘லேட் நைட் வித் தி டெவில்’ படத்தில் தொகுப்பாளர் ஜாக் டெல்ராய் பெரிய மனிதர்களின் ரகசிய மன்றம் ஒன்றில் உறுப்பினர். அந்தக் காலத்தில் முதலிடத்தில் இருந்த நிஜத் தொகுப்பாளர் ஜானி கார்சனை ரேட்டிங்கில் முந்துவது அவர் கனவு. ஒரு தடவைகூடப் புகைபிடிக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. சாகும் தறுவாயில் அவளை நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்து பேட்டி எடுக்கிறார். ரேட்டிங் எகிறுகிறது, ஆனாலும் கார்சனை எட்டவில்லை. தன் பங்குக்கு என்ன கொடுத்தோம் என்பது ஜாக்குக்கே 1977 ஹாலோவீன் நேரலையில்தான் உறைக்கிறது. ஆண்களை மையமாக வைத்த கதைகளில் பெரும்பாலும் இப்படித்தான்: ஆண் கையெழுத்துப் போடுகிறான், வீட்டுப் பெண் கட்டுகிறாள். பெண் மையக் கதையானால் அவள் உடம்பே பிணை. யாரும் திட்டமிட்டு வகுத்த விதியாகத் தெரியவில்லை, ஆனாலும் படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வருகிறது.

‘ஸ்மைல் 2’ பில்லை நேராகக் கூட்டத்துக்கே அனுப்புகிறது. அதில் சாபம் பரவுவது பார்ப்பதால். ஒருவரின் கோரச் சாவைக் கண்ணால் பார்த்தவரை அது தொற்றிக்கொள்ளும். பாப் பாடகி ஸ்கை ரைலியின் முடிவு மேடையில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கண்ணெதிரே நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள் நம் ஊரில். இங்கே கண்ணடி பார்த்தவர்கள் மேலேயே திரும்புகிறது.

விலையே கட்டாமல் தப்பியவர்களும் உண்டு. ‘மேக்சீன்’ நாயகி தடுத்தவர்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு நட்சத்திரமாகிவிடுகிறாள். அந்தத் தொடரின் முதல் படமான ‘எக்ஸ்’-இல் மியா கோத் இளம் நடிகையாகவும், அவளைக் கொல்லத் துரத்தும் கிழவியாகவும் இரண்டு வேடம் போட்டிருப்பது இந்த வெற்றியைக் கொஞ்சம் கசக்க வைக்கிறது. அந்தக் கிழவியும் 1918-இல் ஆடிஷனுக்குப் போய் நிராகரிக்கப்பட்டவள்தான். அவள் கதை ‘பேர்ல்’ என்று தனிப்படமாகவே இருக்கிறது.

இந்தப் படங்கள் மேல் ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. பெண்ணுடம்பைச் சரக்காக்குவதைக் கண்டிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, ‘தி சப்ஸ்டன்ஸ்’ கேமரா சூவின் உடம்பை அங்குலம் அங்குலமாக மேய்கிறது. வயதான உடம்பை அருவருப்பாகக் காட்டுவதில் 1962-க்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? இயக்குநர் வேண்டுமென்றே விளம்பரப் படத்தின் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார் என்ற சமாதானம் பாதிதான் செல்லும். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

## மூன்று ஆஸ்கர் இரவுகள்

1951 மார்ச். சிறந்த நடிகை பட்டியலில் ‘சன்செட் பூலவார்ட்’ குளோரியா ஸ்வான்சன், வயது 52. வயதாகும் மேடை நடிகையின் இடத்தை ஓர் இளம் ரசிகை தட்டிப் பறிக்கும் கதையான ‘ஆல் அபௌட் ஈவ்’ படத்துக்காக பெட்டி டேவிஸும் அதே பட்டியலில். விருது 29 வயது ஜூடி ஹாலிடேவுக்குப் போனது.

1963 ஏப்ரல். ‘பேபி ஜேன்’ படத்துக்காக டேவிஸ் பட்டியலில் இருக்கிறார், கூட நடித்த கிராஃபோர்ட் இல்லை. வென்றவர் ஆன் பேன்கிராஃப்ட். அவர் விழாவுக்கு வரவில்லை. அவர் சார்பில் வாங்கிக்கொள்ள முன்பே ஏற்பாடு செய்திருந்த கிராஃபோர்ட், டேவிஸைத் தாண்டி மேடையேறி விருதை வாங்கினார்.

2025 மார்ச். டெமி மூருக்கு வயது 62. 1996-இல் ஒரு படத்துக்கு 1.25 கோடி டாலர் வாங்கி, அதுவரை எந்த நடிகையும் தொடாத சம்பளத்தைத் தொட்டவர். ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கியபோது, நீ வெறும் பாப்கார்ன் நடிகை என்று முப்பது வருடம் முன்பு ஒரு தயாரிப்பாளர் சொன்னதை மேடையில் நினைவுகூர்ந்தார். ஆஸ்கரிலும் அவருக்குத்தான் என்று பலர் கணித்திருந்தார்கள். மேடையில் படித்த பெயர் மைக்கி மேடிசன், ‘அனோரா’ நாயகி. அருமையாக நடித்திருந்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு வயது 25.

ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்த ‘தி சப்ஸ்டன்ஸ்’ அன்றைக்கு ஒரு ஆஸ்கர் வாங்கியது. மேக்கப்புக்கு.